கேழ்வரகளவு நிலா

ஆதிச்சநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோள்களின் பெயரை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே அவர்களுக்கு அது தெரியும். பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து போன கோயில்களாகத் தெரியும். ஸ்ரீவைகுண்டம் சூரியன். நத்தம் என்று சொல்லும் வரகுணமங்கை சந்திரன். திருக்கோளூர் செவ்வாய், திருப்புளிங்குடி புதன், ஆழ்வார்திருநகரி குரு, தென்திருப்பேரை சுக்கிரன், பெருங்குளம் சனி. இரட்டைத் திருப்பதியில் ராகுவும் கேதுவும் அடுத்தடுத்த வாசல்கள். நவதிருப்பதி ஒன்பதையும் வேன் பிடித்தால் ஒரே நாளில் சேவித்துவிடலாம். சிவன் பக்கம் போனால் நவகயிலாயம் என்று இன்னொரு வரிசை, மேற்கே பாபநாசத்தில் தொடங்கிக் கடலோரம் சேர்ந்தபூமங்கலம் வரைக்கும். பெருமாள் கணக்கில் சூரியனாக இருக்கும் ஸ்ரீவைகுண்டம் சிவன் கணக்கில் சனியாகிவிடுகிறது. தாமிரபரணிக் கரையில் ஒரு சூரியக் குடும்பம் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது.

பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை இருந்தேன். இந்தப் பெயர்களையெல்லாம் அவர்களே கரும்பலகையில் எழுதினார்கள். எழுதி முடித்ததும், "இந்த ஒன்பதில் பூமிக்கு எந்தக் கோயில்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து சொன்னாள்: "எல்லாக் கோயிலும் பூமி மேலதான சார் இருக்கு."

சூரியக் குடும்பத்தைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வதில் உள்ள முழுச் சிரமமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சூரியன் எவ்வளவு பெரிது, சனிக்கு எத்தனை நிலவு என்பதெல்லாம் மனப்பாடத்துக்கு அடங்கும். நாம் நிற்கிற தரையையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கடினம். காலுக்குக் கீழே இருப்பதை எடுத்து வானத்தில் வைக்க வேண்டும். கோபர்நிக்கஸ் 1543-இல் செய்தது அதைத்தான். மனித குலம் பல ஆயிரம் ஆண்டு தயங்கிய காரியத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நாற்பது நிமிடத்தில் எதிர்பார்க்கிறோம்.

பழைய தமிழில் விண்மீன்களை நாண்மீன், கோண்மீன் என்று பிரித்துச் சொன்னார்கள். இடம் மாறாமல் கூட்டமாக நகர்பவை நாண்மீன். அவற்றின் ஊடே தனிவழி போகிறவை கோண்மீன். கொள்வது கோள். பற்றிப் பிடிப்பது என்று பொருள். கிரகம் என்ற வடசொல்லுக்கும் அடிப்படைப் பொருள் பிடிப்பதுதான். பிடிப்பு என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. யாரை யார் பிடிக்கிறார்கள் என்பதுதான் பின்னால் தெரிந்தது.

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்துபோக இருந்தது. அதைச் சாதாரண மக்களுக்கு விளக்க அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் அது அச்சானது. பாடமாக எழுதவில்லை, பண்டிதர் ஒருவரும் வானியலாளர் ஒருவரும் பேசிக்கொள்வதாக எழுதினார். கேட்பவருக்கு என்ன தெரியுமோ அங்கிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாமிரபரணிப் பிள்ளைக்கு ஒன்பது கோயில் தெரியும். அதைத் துடைத்துவிட்டுத் தொடங்குவது சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

பாடப்புத்தகத்துப் படத்தில் எட்டுக் கோள்களும் சூரியனுக்குப் பக்கத்தில் பந்தி வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கத்துக்குள் அடக்க வேறு வழியில்லை. வரைந்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் ஒரு தெருவகலம்தான் இருக்கும் என்று வாழ்நாள் முழுக்க நம்பும். அதனால் அன்று நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் குளத்துக் கரைக்குப் போனோம்.

முத்து விளைந்த சீமை என்பதால் பூமியை முத்தாக்கினோம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்தான் கடைசி. நல்முத்துக்கு எங்கே போவது? ஒரு பிள்ளையின் கழுத்துப் பாசியில் ஐந்து மில்லிமீட்டர் மணி ஒன்று கிடைத்தது. பூமி ஐந்து மில்லிமீட்டர் என்றால் சூரியன் அதைப்போல 109 மடங்கு, ஐம்பத்து நாலரை சென்டிமீட்டர். சின்ன சைக்கிளின் பழைய டயர் ஒன்று அந்த அளவுக்குக் கிடைத்தது. அதன்மேல் செய்தித்தாள் ஒட்டி வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டோம். புதன் ஒரு கடுகு. வெள்ளி ஒரு மிளகு. செவ்வாய் ஒரு கம்பு மணி. வியாழன் பெரிய எலுமிச்சம்பழம், சனி அதைவிடச் சற்றுச் சிறியது. யுரேனஸும் நெப்டியூனும் கோலிக்குண்டுகள். நிலாவுக்கு ஒரு கேழ்வரகு மணி.

பிறகு கயிற்றால் அளந்துகொண்டு நடந்தோம். டயரிலிருந்து 23 மீட்டரில் கடுகு. 42 மீட்டரில் மிளகு. 59 மீட்டரில் பாசிமணி. 89 மீட்டரில் கம்பு. ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளை கையில் ஏந்திக்கொண்டு அங்கேயே நின்றது. அதுவரை விளையாட்டாக இருந்தது. அடுத்து வியாழனுக்கு 305 மீட்டர் போக வேண்டும் என்றதும் முகங்கள் மாறின. அங்கே போய்த் திரும்பிப் பார்த்தால் பாசிமணி வைத்திருந்த பிள்ளையே ஒரு விரலளவுக்குத்தான் தெரிந்தாள். சனிக்கு 560 மீட்டர். யுரேனஸுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். நெப்டியூனுக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர். சனியோடு நின்றுவிட்டோம்; வெயில் ஏறிவிட்டது, கரையும் முடிந்துவிட்டது.

"அடுத்த நட்சத்திரம் எங்க சார்?" என்று ஒரு பையன் கேட்டான். பிராக்ஸிமா சென்டாரியை இதே கணக்கில் வைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 15,700 கிலோமீட்டர் போக வேண்டும். ஆதிச்சநல்லூரில் டயரைக் கட்டிவிட்டு, சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவில் இன்னொரு சின்னப் பந்தைக் கட்ட வேண்டும். நடுவில் ஒன்றுமில்லை. ஒளி இந்த அளவுகோலில் விநாடிக்கு 12 சென்டிமீட்டர் நகரும், ஆமை நடை. அந்த நடையில் டயரிலிருந்து பாசிமணிக்கு வந்து சேர எட்டு நிமிடம் இருபது விநாடி.

அன்றைக்கு எனக்கு மறக்காதது இவை ஒன்றுமில்லை. கேழ்வரகு மணி. அதை ஈர்க்குச்சி நுனியில் பசையால் ஒட்டியிருந்தோம். நிலா பூமியிலிருந்து பதினைந்து சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், ஒரு சாண்கூட இல்லை. பாசிமணி வைத்திருந்த பிள்ளையிடம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேழ்வரகைக் கண்ணுக்கு முன்னால் அந்தத் தூரத்தில் பிடித்து, வேப்பமரத்தைப் பார்க்கச் சொன்னேன். குச்சியை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். திடீரென்று, "மறஞ்சிட்டு சார்!" என்று கத்தினாள். 59 மீட்டர் தூரத்தில் தொங்கும் டயரை ஒரு கேழ்வரகு மணி சரியாக மூடிவிடுகிறது. வானத்திலும் அப்படியே. சூரியன் நிலாவைப்போல 400 மடங்கு பெரிது, ஏறக்குறைய 400 மடங்கு தள்ளியும் இருக்கிறது. அதனால்தான் முழுச் சூரிய கிரகணம் என்ற ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று பார்த்தார்கள். இரட்டைத் திருப்பதியில் இருக்கும் ராகுவையும் கேதுவையும் அப்போதுதான் பேச்சில் கொண்டுவந்தேன். நிலாவின் பாதை சூரியனின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்தது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்குப் பழைய கணிதர்கள் வைத்த பெயர் ராகு, கேது. அமாவாசையன்று நிலா அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் கிரகணம், தள்ளியிருந்தால் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு புள்ளிகளைக் கணக்கில் கண்டுபிடித்து, கண்ணுக்குத் தெரிகிற ஏழோடு சேர்த்து ஒன்பதாக்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பிள்ளைகளிடம் அதை மரியாதையோடுதான் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது பாசிமணி வைத்திருந்த பெண்பிள்ளை என்னோடு நடந்துவந்தாள். பாசிமணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், "இத்தனை தூரத்துல இருந்துக்கிட்டு சூரியன் எத வச்சு சார் இதப் பிடிச்சிருக்கு?" என்றாள். பக்கத்தில் வந்த பையன் காந்தம் என்றான். இன்னொருவன் கயிறு மாதிரி ஏதோ இருக்கும் என்றான்.

அந்தக் கேள்வியை "ஈர்ப்பு விசை" என்ற ஒரு சொல்லால் மூடிவிடக் கூடாது. ஐசக் நியூட்டன் 1687-இல் பிரின்சிப்பியாவை வெளியிட்டு, கல் விழுவதும் நிலா சுற்றுவதும் ஒரே விதி என்று காட்டினார். சில ஆண்டு கழித்து ரிச்சர்டு பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், நடுவில் எதுவும் இல்லாமல் வெறுமையைத் தாண்டி ஒரு பொருள் இன்னொன்றை இழுக்கும் என்பதைச் சிந்திக்கத் தெரிந்த யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்ற கருத்தை அவரே சொல்லியிருக்கிறார். எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தது, எப்படி இழுக்கிறது என்று தெரியவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் வந்து, நிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்று சொல்லும்வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது. அந்தப் பிள்ளை குளத்துக் கரையில் கேட்டது நியூட்டனின் தூக்கத்தைக் கெடுத்திருக்கக்கூடிய கேள்வி. அதை அவளிடம் சொன்னேன்.

கயிறு என்று சொன்ன பையனின் பேச்சும் வீண் இல்லை. இந்தக் கடற்கரைக்குக் கயிறும் கல்லும் நன்றாகத் தெரியும். முத்துப்பாரில் குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்துத்தான் கடலுக்குள் இறங்குவார். வெறும் உடம்பைத் தண்ணீர் ஏந்திக்கொள்ளும், மூச்சடக்கும் நேரத்தில் அடியைத் தொட முடியாது. கல்லின் கனம் அவரைக் கீழே கொண்டுபோய்விடும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் இழுத்துத் தூக்கிவிடுவார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள், தங்கையின் தாலி அவனுக்குத் தெரியும் என்பதால். எடைக்கும் மிதப்புக்கும் இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பூமியின் இழுப்பை ஒரு கருவியாகவே பழக்கிவைத்திருந்தவர்கள் நம் முன்னோர். தாமிரபரணியின் கால்வாய்களும் அப்படித்தான். மோட்டார் இல்லாமல், நூல் பிடித்த சரிவை மட்டும் நம்பி, அணைக்கட்டிலிருந்து குளத்துக்கும் குளத்திலிருந்து வயலுக்கும் தண்ணீர் நடந்து போகிறது.

விழுவது பிள்ளைகளுக்குப் புரியும். விழுந்துகொண்டே சுற்றுவது புரியாது. அங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் கைவிட்டுவிடுகின்றன. விண்வெளி வீரர் மிதப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை, மேலே ஈர்ப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில், தரையில் இருக்கும் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது.

இதற்கு ஒரு தண்ணீர் பாட்டில் போதும். அடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்துவிட்டுப் பள்ளி மொட்டை மாடி விளிம்பில் பிடித்தேன். துளையிலிருந்து தண்ணீர் கம்பியாகப் பீய்ச்சியது. கீழே நின்ற பிள்ளைகளிடம் துளையை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டுக் கையை விட்டேன். பாட்டில் விழுந்த அந்த நேரம், ஒரு விநாடிகூட இருக்காது, தண்ணீர் நின்றுவிட்டது. துளை அடைபடவில்லை. ஈர்ப்பும் எங்கும் போய்விடவில்லை. பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்தவில்லை. மிதக்கும் விண்வெளி வீரர் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீர்தான். நாலு தடவை செய்யச் சொன்னார்கள். ஐந்தாம் தடவை பாட்டில் உடைந்தது.

பிறகு கணக்கு. கையை விட்ட பொருள் முதல் விநாடியில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் விழுகிறது. பூமியின் தரை எட்டுக் கிலோமீட்டர் போவதற்குள் ஐந்து மீட்டர் வளைந்து இறங்கிவிடுகிறது. அப்படியானால் விநாடிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஒரு கல்லை எறிந்தால்? அது ஐந்து மீட்டர் விழும், தரையும் ஐந்து மீட்டர் விலகும். விழுந்துகொண்டே இருக்கும், தரையை ஒருநாளும் தொடாது. காற்று மட்டும் குறுக்கே இல்லாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லிமுடித்ததும் ஒரு பையன் கேட்டான்: "அப்பம் நிலாவும் விழுந்துக்கிட்டுதான் சார் இருக்கா?"

ஆமாம். நிலா பூமியின் மையத்திலிருந்து நம்மைப்போல அறுபது மடங்கு தள்ளியிருக்கிறது. தூரம் கூடினால் ஈர்ப்பு அதன் இருமடிக்குக் குறையும் என்பதால் அங்கே அறுபதுக்கு அறுபது, 3,600 மடங்கு குறைவு. ஐந்து மீட்டரை அதால் வகுத்தால் ஒன்றே கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஒவ்வொரு விநாடியும் நிலா நம்மை நோக்கி விழுவது அவ்வளவுதான். நிலாவாக வைத்திருந்த கேழ்வரகு மணியின் பருமனும் கிட்டத்தட்ட அதுவே. தற்செயலான ஒற்றுமைதான். ஆனாலும் அந்த மணியை அவர்கள் மறுபடி கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

நம் ஆறாம் வகுப்பில் சூரியக் குடும்பம் சமூக அறிவியலில் வருகிறது. விசையும் இயக்கமும் அறிவியலில் வருகின்றன. ஈர்ப்பு விதியின் சூத்திரம் பத்தாம் வகுப்புக்குப் போய்விடுகிறது. இரண்டும் வெவ்வேறு நோட்டு, பல பள்ளிகளில் வெவ்வேறு ஆசிரியர். கோள்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருவரும், பொருள்கள் ஏன் விழுகின்றன என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே செய்தி என்று சொல்ல ஆள் இல்லை. நான் அறிந்தவரை பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடைவெளியில்தான்.

இனி தூத்துக்குடி மாவட்டத்துக்கு இது தள்ளிப்போடக்கூடிய பாடமும் இல்லை. ஆதிச்சநல்லூரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில் குலசேகரன்பட்டினம். அங்கே இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து செல்ல வேண்டும். அதில் எரிபொருள் செலவாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல். முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டிப் போகிற அதே ஊருக்கு மேலே நெருப்புக்கோடு எழும்போது, அது ஈர்ப்பைத் தாண்டித் தப்பி ஓடவில்லை, விழுந்தாலும் தரையைத் தொடாத வேகத்தைத் தேடிப் போகிறது என்பது பார்த்து நிற்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆதிச்சநல்லூரின் பழைய இடுகாட்டு மேடான பரம்புக்குப் போனோம். தொல்லியல் துறை 2023-இல் திறந்த காட்சியிடத்தில், தோண்டிய குழிகளில் முதுமக்கள் தாழிகள் கிடந்தபடியே இருக்கின்றன. பல தாழிகளின் மூடி உள்ளே சரிந்திருக்கும், வாய் நொறுங்கியிருக்கும். அதன்மேல் அடுக்கு அடுக்காய் மண். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற தொல்லியலின் முதல் விதியே ஈர்ப்பு எழுதிக்கொடுத்ததுதான். "இந்தப் பானைய உடைச்சதும் அதுதானா சார்?" என்று கேட்டாள் பாசிமணிப் பிள்ளை. அதுதான். இறந்தவரைக் குந்தவைத்து, நெல்லும் இரும்பும் கூட வைத்து, மண்ணுக்குள் இறக்கியவர்களும் இதே தரையில் நின்று இதே நிலாவைத்தான் பார்த்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் இந்தத் தரை சுற்றிக்கொண்டிருக்கிறது, விநாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில்.

இந்த மேட்டை முதலில் தோண்டியவர் ஜெர்மானியர் யாகோர், 1876-இல். எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். நெப்டியூன் சூரியனை ஒருமுறை சுற்ற 165 ஆண்டு ஆகும். யாகோரின் மண்வெட்டி பட்ட அன்று நெப்டியூன் நின்ற இடத்துக்கு அது இன்னும் திரும்பி வரவில்லை. திரும்பும்போது இந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பீரியடு இதற்குப் போதாது, அடுத்தடுத்து இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்தே போங்கள். டயரும் பாட்டிலும் காசில்லாமல் கிடைக்கும். ஐந்து மில்லிமீட்டர் மணி, 54 சென்டிமீட்டர் டயர், 59 மீட்டர் கயிறு, ஒரு கேழ்வரகு. கேழ்வரகை மட்டும் நாலைந்து கூடுதலாக எடுத்துப் போங்கள், கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.